விறகு சுமக்காத எஸ்தர் டீச்சர்

எஸ்தர் டீச்சர் காலமான செய்தியைத் தளவாய்புரத்திலிருந்து, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் வந்து அவருடைய தம்பி சொன்னார். கேட்டுக்கொண்டு நின்றவர்களில் ஒருவர் உடனே தீர்ப்பும் சொல்லிவிட்டார்: "காடு காடுன்னு சுத்துனா காய்ச்சல் வராம என்ன செய்யும்?" அவருக்கு நான் அங்கேயே சொன்ன பதிலை, டீச்சரை அறிந்த உங்களுக்கும் சொல்கிறேன். தம்பி மனைவியின் பிரசவத்துக்காகப் போன டீச்சர், ஐந்து மாதமாகக் காட்டுப் பக்கமே வரவில்லை. தம்பி குடியிருந்த தெருவில்தான் வீட்டுக்கு வீடு காய்ச்சல். காட்டின் மேல் பழி போட யாரும் என்னிடம் வர வேண்டாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்கள் பள்ளியில் அவர் தையல் டீச்சர், நான் கணக்கு டீச்சர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு வரை மாட்டு வண்டியில் போய், அங்கிருந்து ஆற்றோரமாக நடப்போம். மலையேற்றம் என்று மிரள வேண்டாம், கிட்டத்தட்ட சமதரைதான். நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத மருத மரங்கள் இரு கரையிலும் நிற்கும். மத்தியானத்திலும் வெயில் தரைக்கு வராது. மலை அணில்கள் தாவும்போது காய்கள் தலையில் விழும். பாறைக்குழித் தண்ணீரில் கால் நனைத்து, கட்டுச்சோறு தின்றுவிட்டுத் திரும்புவோம். அவ்வளவுதான். ஊரால் பொறுக்க முடியாததும் அதைத்தான்.

யுத்தம் தொடங்கிய பிறகு தோப்பு முனையில் காவல் சாவடி வந்தது. விறகு பொறுக்க மட்டுமே உள்ளே விடுவார்கள்; போகும் பெண்கள் திரும்பும்போது தலையில் விறகுக் கட்டு இருக்க வேண்டும். காவலர் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார். விறகு பொறுக்காமல் போய்வரும் பெண்ணுக்கு அந்த நோட்டில் இடமே இல்லை. சாவடி வந்த பிறகு நாங்கள் முதன்முதலில் போனபோது, ஏதோ திருட வந்திருக்கிறோம் என்று நினைத்துக் காவலர் எங்கள் பின்னாலேயே வந்தார். சோற்றுத் தூக்கைக்கூடத் திறந்து பார்த்தார்.

"என்னத்த எடுத்தீய டீச்சரம்மா?"

"ஒண்ணும் எடுக்கலையே" என்றார் எஸ்தர் டீச்சர்.

"பொறவு எதுக்கு வந்தீய?"

"சும்மா நடக்க."

"சும்மான்னு நோட்டுல எப்படி எழுத? மேல இருந்து வந்து கேட்டா என் வேலை போயிரும். ஆளுக்கு ஒரு கட்டு தாரேன். சாவடி தாண்டுத வரைக்கும் சுமந்துட்டுப் போயிருங்க."

"பொறுக்காத விறக நான் ஏன் சுமக்கணும்? காலு என்னுது, ஆறு ஆண்டவரு குடுத்தது. நடக்க வந்தவள்னு எழுதுங்க" என்றார் டீச்சர்.

நான் சுமந்தேன். ஒரு புகார் வந்தாலும் வேலை நிலைக்காது என்று பள்ளி நிர்வாகி அந்த வாரம்தான் எங்களை எச்சரித்திருந்தார். டீச்சர் பக்கத்திலேயே கைவீசி நடந்து வந்தார். வண்டியருகே வந்ததும், "ஏட்டி பாக்கியம், எறக்கி வையி. ராத்திரி அடுப்புக்கு ஆகும்" என்று சிரித்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

டீச்சர் மேல் பள்ளிக்குப் புகார் போயிற்று. மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். "சனிக்கிழமை நடந்தேன். அடுத்த மாதமும் நடப்பேன்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மூன்று மாதமும் நடந்தார். தையல் பரீட்சை நெருங்கியதும், வேறு ஆள் கிடைக்காமல் அவர்களே கூப்பிட்டு அனுப்பினார்கள். அந்த மூன்று மாதமும் நான் அவரோடு போகவில்லை. நிர்வாகியை மட்டும் குறை சொல்லிவிட்டு இதை மறைத்தால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும். அதன் பிறகு போனபோதெல்லாம் அவர் வெறுங்கையோடு திரும்பினார், நான் கட்டோடு திரும்பினேன். ஒரு நாளும் அவர் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

போன சனிக்கிழமை தனியாகப் போனேன். ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. பாறைக்குழி வரை அவருக்கும் சேர்த்து நடந்து, அழுது தீர்த்துவிட்டுத் திரும்பினேன். சாவடியில் அதே காவலர்.

"பெரிய டீச்சரம்மா வரலையா?"

சொன்னேன். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, வழக்கம்போல எனக்காகக் கட்டி வைத்திருந்த விறகைக் காட்டினார்.

"வேண்டாம். நோட்ட எடுங்க" என்றேன்.

"என்னன்னு எழுத?"

"நடக்க வந்தவள்னு."

என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதினார்.

அவருடைய தையல் பெட்டியைத் தம்பி எடுத்துக்கொள்ளட்டும். நான் வைத்துக்கொண்டது அந்த வெறுங்கையை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, விடிந்ததும் வண்டி கிளம்பும். இப்போது அதில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. காட்டைக் குறை சொன்னவரும் வரலாம். விறகு சுமக்க மட்டும் நான் விட மாட்டேன்.