மஞ்சள் முன்துணி

பாரிஸ் உலகக் கண்காட்சியில் சுவீடன் மரவீட்டு வாசலில் ஊர் உடையில் நிற்பதற்காக அந்நாட்டின் சில்யான் ஏரிக்கரையிலிருந்து மூன்று பெண்களைக் கூட்டிப்போனார்கள். மூவரில் மடிப்புக் கலையாமல் உடுத்தத் தெரிந்தவள் பார்ப்ரோ. சிவப்புக் கோடு போட்ட முன்துணியைப் பாவாடைக்கு மேல் இடுப்பில் கட்டி அவள் நின்றால், வந்தவர்கள் உள்ளே அதே உடையில் வைத்திருந்த மெழுகுப் பொம்மைகளை மறந்துவிடுவார்கள். ஒரு சீமாட்டி அவள் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்து, "ஐயோ, இது உயிரோட இருக்கு!" என்று அலறியதும் உண்டு.

ஜூலையில் கூரை ஒழுகியது. சரிசெய்ய அவள் ஊர்த் தச்சன் தானியேல் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி அவன் வந்து நின்றபோதே சாவுச் செய்தி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"யாருண்ணே?"

"உன் கெர்ஸ்தின்தாம்மா. தொண்டை அடைப்பான். அடக்கமும் ஆயிடுச்சு."

மகளுக்கு மூன்று வயது. கண்காட்சி முடியும்வரை நிற்பதாகப் பார்ப்ரோ ஒப்புக்கொண்டிருந்தாள், கிளம்ப முடியாது. துக்கமாவது முறைப்படி காக்க வேண்டும். அவள் ஊரில் மஞ்சள் சாவுக்குரிய நிறம். மஞ்சள் முன்துணி கட்டியவளைக் கண்டால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

வெள்ளை முன்துணி ஒன்றுக்கு மஞ்சள் சாயமேற்றக் கண்காட்சிச் சமையற்காரனிடம் வெங்காயத் தோல் கேட்டாள்.

"உங்க ஊர்ல தோலைத் தின்னுட்டு வெங்காயத்தைத் தூக்கிப் போடுவீங்களோ?" என்று சிரித்துக்கொண்டே அள்ளிக் கொடுத்தான்.

மறுநாள் மேலாளர் லிண்ட்மார்க் அவளைப் பார்த்துக் கைதட்டினார். "அடடா, சூரியகாந்தி மாதிரி இருக்கியே! கூட்டத்தைப் பாரு! கொஞ்சம் சிரிம்மா."

"இது சாவுத் துணிங்க ஐயா. என் பொண்ணு போயிட்டா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கஷ்டந்தான்மா." பிறகு கண் கூட்டத்தின் பக்கம் போனது. "ஆனா இவங்களுக்கு அது தெரியவா போகுது? நாளையிலேருந்து மூணு பேரும் மஞ்சளே கட்டுங்க."

மற்ற இருவரும், மர்கித்தும் எலினும், வெளிறிப்போனார்கள். மர்கித்துக்கு ஊரில் கைக்குழந்தை இருந்தது. "உசிரோட இருக்கிற பிள்ளைக்கு நான் எப்படிக்கா மஞ்சள் கட்டுவேன்?" என்று பார்ப்ரோவின் தோளில் விழுந்து அழுதாள்.

மறுநாள் காலை பார்ப்ரோ சிவப்பு முன்துணியில் வந்து நின்றாள்.

"மஞ்சள் எங்கே?"

"சாயம் நிக்கலைங்க ஐயா. துவைச்சதும் போயிடுச்சு."

"சே! நல்லா எடுப்பா இருந்துச்சே."

கண்காட்சி முடியும்வரை அவள் சிவப்பிலேயே நின்றாள். சிரிக்கச் சொன்னபோதெல்லாம் சிரித்தாள். நவம்பரில் கப்பலேறிய பிறகுதான், பெட்டியடியில் ஒளித்து வைத்திருந்த மஞ்சளைக் கட்டினாள். மர்கித்தும் எலினும் வந்து, ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள்.