நாலு மூலையிலும் மஞ்சள்

பத்தாவதில் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டது. அதை நான் எட்டாவதிலேயே கைவிட்டிருந்தேன். இப்போது குத்தாலம் கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கிறேன். விமானத்தில் ஏறியதில்லை, விமானத்தில் ஏறிய தபால் உறைகளைச் சேர்க்கிறேன். புதிய தடத்தில் பறக்கும் முதல் விமானத்தில் போகிற உறைக்கு, புறப்பட்ட ஊர் முத்திரையும் போய்ச் சேர்ந்த ஊர் முத்திரையும் விழும். பிறகு அந்த விமானக் கம்பெனி ஒருநாள் மூடிவிடும். உறை இருக்கும். சின்னக் கம்பெனிகள் சீக்கிரமே மூடிவிடுவதால் எங்கள் பொழுதுபோக்குக்குக் குறைவில்லை.

தஞ்சாவூருக்கே ஒரு காலத்தில் குட்டி விமானம் வந்து போனது. சொன்னால் கடைக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். அந்த முதல் விமானத்தில் பறந்த உறைகள் இரண்டு மயிலாடுதுறையில் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருவரிடம் இருந்தன. ஒன்றையாவது வாங்கிவிடவேண்டும் என்று அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தேன். விலைக்குத் தர மாட்டேன் என்றார்.

"திருச்சிலேருந்து ஒரு சின்னக் கம்பெனி புதுசா ஃபிளைட் விடறான். அதுல போன உறை ஒண்ணு கொண்டா, மாத்திக்கலாம். ஒரு புள்ளி கறை இருக்கக் கூடாது தம்பி."

"என்னைப் பாத்தா கறை பண்ற ஆள் மாதிரியா சார் தெரியுது?"

"அப்படித்தான் தெரியுது."

நாற்றங்காலுக்கு மேல் விமானம் பறக்கிற படம் போட்டு இரண்டே உறைகள் அச்சடித்தேன். விமானம் கிளம்பும் நாள் காலை, தபால்தலை ஒட்டி, என் முகவரியையே எழுதி மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அக்கா புடவையில் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு உறைகளிலும் நாலு மூலைக்கும் குழைத்த மஞ்சள்.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்க?"

"மொத தடவ பறக்கப் போவுதுன்னு நீதானடா சொன்ன? மூலையெல்லாம் வெறுமனே, கருமாதி பத்திரிகை மாதிரி கெடந்துச்சு. அப்படியே அனுப்புவாங்களா யாராச்சும்?"

வேறு உறை அடிக்க நேரமில்லை. திருச்சி விமான நிலையத்துத் தபால் கவுன்ட்டரில் இருந்தவர் மூலைகளைப் பார்த்தார்.

"பொண்ணு வீடா, மாப்ள வீடா?"

"விமானத்து வீடு சார்."

சிரிக்காமல் முத்திரை குத்தினார்.

உறைகள் போய்ச் சேர்ந்து, அந்த ஊர் முத்திரையும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தன. தபால்காரர் தெருமுனையிலிருந்தே, "தம்பி, கல்யாணப் பத்திரிகை வந்திருக்கு!" என்று கத்தினார். எதிர்வீட்டில் எந்த மண்டபம் என்று விசாரித்தார்கள்.

மயிலாடுதுறையில் சார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"கறை."

"மஞ்சள் சார். மங்களம்."

"கறைதான். எடுத்துட்டுப் போ."

"சரி சார். உங்களுதை ஒரு தடவ பாத்துட்டாவது போறேன்."

ஆல்பத்தைத் திறந்து காட்டினார். தஞ்சாவூர் உறைகளில் ஒன்று சுத்தமாக இருந்தது. இன்னொன்றின் மூலைகளில் மங்கலான மஞ்சள் நிறம்.

"சார், இதுவும் அதான்."

"பேப்பருக்கு வயசாயிருக்குப்பா."

"மூலைக்கு மட்டுமா சார் வயசாவும்? நடுவுல இளமையா இருக்கே."

அவர் ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சுண்ணாம்பு இருந்தா லேசா வெச்சுப் பாத்துரலாம் சார். செவந்துச்சுன்னா மஞ்சள்."

"கையை எடுடா!"

கண்ணாடியோடு குனிந்தவர் நிமிர நேரமாயிற்று. பிறகு அந்த உறையை ஆல்பத்திலிருந்து உருவி என் பக்கம் தள்ளினார். என்னுடையதில் ஒன்றை எடுத்து அந்த இடத்தில் செருகினார்.

"கறைக்குக் கறை. இனிமே என் ஆல்பத்துப் பக்கம் வராத."

வீட்டில் அக்காவிடம் காட்டினேன். தஞ்சாவூர் விமானத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு வீட்டுலடா இது? இம்புட்டூண்டு தடவியிருக்காங்க, கஞ்சப் பசங்க."

மஞ்சள் டப்பாவை எடுக்க அடுப்படிக்குப் போனாள். நான் உறையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடிவிட்டேன்.