வாய்ப்பூட்டு

திருப்பூர் மண்ணரையில் பிரிசில்லாவைத் தெரியாதவர்கள் குறைவு. பனியன் கம்பெனிச் செக்கிங் டேபிளில் நின்று நின்றே காலில் நரம்பு சுருண்டவள். புருசன் செத்த பிறகு ஒற்றை ஆளாக மகனைக் காலேஜுக்கு அனுப்பியவள். அந்த மகராசன் போய்ச் சேர்ந்ததோ தத்துவப் படிப்பில்!

மகன் முகிலன், வீட்டுச் சுவரெல்லாம் படம் ஒட்டினான். கிரேக்கத்து சாக்ரடீஸ், சீனத்துக் கன்பூசியஸ், ஸ்பெயின் பக்கத்து இப்னு ருஷ்து. அடியில் இங்கிலீஷில் பேர்கள். "இத்தனை தாடிக்காரங்க ஊட்டுல குடியிருக்காங்க, ஒருத்தராச்சும் ஒரு கொடம் தண்ணி புடிச்சுத் தர்றாங்களா?" என்று வைவாள். அவன் சிரிப்பான். சாக்ரடீஸ் கேள்வி கேட்டே விஷம் குடிக்க நேர்ந்தவர் என்று ஒருநாள் சொன்னான்.

"அதுக்குத்தான் சொல்றேன் கண்ணு, வாயை மூடிட்டு இரு."

கேட்டானா? முதல் கம்பெனியில், ஓவர்டைமுக்கு ஏனுங்க கணக்கில்லை என்றான், நிறுத்திவிட்டார்கள். அடுத்ததில், வடநாட்டுப் பையன்கள் படுக்கிற ஹாஸ்டலை ஏன் வெளியே பூட்டுகிறீர்கள் என்றான். கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்கள். பேர் கெட்டுப்போனது. பிறகு எந்தக் கம்பெனியிலும் அவனை உள்ளே விடவில்லை. பாயில் சுருண்டு கிடந்தவனைப் பார்த்துப் பெற்ற வயிறு எரிந்தது. "ஆண்டவரே, இவன் வாய்க்கு ஒரு பூட்டுப் போடும்" என்று சர்ச்சில் முட்டி போட்டு அழுதாள். மாஸ்டர் தங்கதுரையிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சித் தன் கம்பெனியிலேயே ஹெல்பராகச் சேர்த்துவிட்டாள். இதுவும் போனால் திருப்பூரில் அவனுக்கு வேறு கதி இல்லை.

சேர்ந்த நாளிலிருந்து முகிலன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தைத்த பீஸ் கட்டை டேபிளில் கொண்டுவந்து வைப்பான், போவான்.

போன வாரம் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று டேபிளுக்கு வந்தது. டி-சர்ட் நெஞ்சில் முகங்கள். ஐயையோ, நம் வீட்டுத் தாடிக்காரர்கள்! சிரித்துக்கொண்டே விரித்தவளின் கை நின்றது. சாக்ரடீஸ் முகத்துக்கு அடியில் கன்பூசியஸ் பேர். கன்பூசியஸுக்கு அடியில் சாக்ரடீஸ் பேர். இங்கிலீஷ் வராதுதான். ஆனால் சுவரில் தினமும் பார்த்த எழுத்து அவளுக்குத் தப்புமா?

கட்டோடு வந்த முகிலனும் பார்த்தான். கேட்டுவிடப் போகிறான் என்று அவள் மாஸ்டர் நின்ற பக்கம் பார்த்தாள். அவன் கட்டை வைத்துவிட்டுத் திரும்பினான்.

"கண்ணு, பேரு மாறிக் கெடக்குதல்லோ?"

"ஆமாம்மா. சாம்பிளே அப்படித்தான் ஓகே ஆயிருக்குது. நமக்கெதுக்கு?"

குரலில் ஒரு கோபம்கூட இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. என்ன வந்தாலும் வரட்டும் என்று, "மாஸ்டருங்க!" என்று கூப்பிட்டேவிட்டாள்.

முகிலன் அவள் கையை இறுகப் பிடித்தான். "வாயை மூடிட்டு இரும்மா" என்றான் மெல்ல.

"என்னக்கா?" என்றார் தங்கதுரை.

"ஒண்ணுமில்லீங்க."

பிசிறை வெட்டி, பீஸை ஓகே பக்கம் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். ஆண்டவர் அவள் ஜெபத்தைக் கேட்டுவிட்டார். பாவி, இதைப் போய் ஏன் கேட்டோம் என்றிருந்தது அவளுக்கு.