தண்ணீருக்கும் ஒரு பத்தி

நெய்வேலிச் சுரங்கத்தில் நான் செலவுக் கணக்கு எழுதிய காலத்தில் சந்தித்த பம்ப் ஆபரேட்டர் அவர். ஒல்லியான உடம்பு, முழங்கால் வரை சுருட்டிய காக்கி. யார் போனாலும் பம்ப் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் காலை நனைக்கச் சொல்வார்.

ஒரே பள்ளத்திலிருந்து நிலக்கரி, களிமண், தண்ணீர் மூன்றும் வந்தன. தோண்டும் செலவை நான் முதல் இரண்டுக்கு மட்டும் பங்கிட்டிருந்தேன்.

“தண்ணிக்குப் பங்கு இல்லீங்களா?” என்று என் பேரேட்டை எட்டிப் பார்த்து அவர் கேட்டார்.

“அது வெளியே கொட்டுறதுதானே?” என்றேன்.

“பக்கத்துல வடக்குத்து ஊருல அத வெச்சிதான் நடவு நட்டுகினு இருக்காங்க. போய்ப் பாத்துட்டு எழுதுங்க.”

போய்ப் பார்த்தேன். திரும்பி வந்து, பேரேட்டில் கோடு போட்டுத் தண்ணீருக்கும் ஒரு பத்தி ஒதுக்கினேன்.

“இதுக்கு என்னய்யா விலை?” என்றார் அதிகாரி.

எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியாது. என் கால்சட்டையில் நடவு வயலின் சேறு காயாமல் இருந்தது. பத்தியை நான் அழிக்கவில்லை.