பதினேழாம் பூத்தின் துரோகி

அவரை எல்லோரும் ‘அறிக்கை’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்தச் சின்னக் கட்சிக்கு அலுவலகச் செயலாளர். தலைவர் பெயரில் வெளியாகும் அறிக்கைகளை எல்லாம் எழுதுபவர் அவர்தான். வெளியாகும் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். அவர் அனுப்புவார், எந்தப் பத்திரிகையும் போட்டதில்லை.

தலைவர் பல் டாக்டர். அவருடைய கிளினிக்குக்கு மேல் மாடியில் கட்சி அலுவலகம். ஒவ்வொரு தேர்தலிலும் தோற்றதும் துரோகிகளைக் கண்டுபிடித்து நீக்குவது கட்சியின் வழக்கம். நீக்கப்பட்டவர் தன் மச்சான், மாமனாரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, இந்த முறை தோல்வி ஆய்வுக் கூட்டத்துக்கு நோயாளிகள் உட்காரும் ஒரே பெஞ்சு போதுமானதாக இருந்தது.

தோல்விக்கு மழைதான் காரணம் என்றார் துணைத்தலைவர். மக்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்றார் பொருளாளர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்கள் ஒரு படி மேலே போய், பார்க்க வந்தவர்களே கோணல் என்றார்கள்.

தலைவர் வாக்கு விவரத் தாளில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். “பதினேழாம் பூத். ஒரு ஓட்டுகூட இல்ல. அது நம்ம அறிக்கையோட பூத்துதானே?”

“நான் ஓட்டே போடல, தலைவரே. ஆள் இல்லன்னு என்னை நாப்பதாம் பூத்துக்கு ஏஜென்ட்டா அனுப்பிட்டீங்க. காலைல போனவன், பெட்டிக்கு சீல் வச்சப்புறம்தான் வந்தேன்.”

அடுத்தவர் ஓட்டுக்குக் காவல் இருந்ததில் தன் ஓட்டைக் கோட்டைவிட்டிருந்தார்.

“சரி, வீட்ல?”

“அவ எப்பவும் நமக்குத்தான் போடுவா.”

“அப்ப மெஷின் பொய் சொல்லுதா? விசாரிங்க. நாளைக்கு நீக்கக் கடிதத்தோட வாங்க. யாரும் கிடைக்கலன்னா உங்க பேரையே போட்டுக்கங்க.”

அறிக்கை மாடிப்படி இறங்கினார். எத்தனையோ பேருக்கு அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறார். தனக்கே எழுத வேண்டிவந்தால், அதற்கப்புறம் காலையில் எழுந்து எங்கே போவது? கட்சியை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை.

வீட்டுக்கு வந்தார். மனைவி துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“நீ இந்தத் தடவை யாருக்குப் போட்ட?”

“எதிர்வீட்டு டீச்சரம்மா கேட்டாங்க. அவங்க சொன்ன கட்சிக்கு.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடியும் யாராவது வந்து கேட்டாங்க. போட்டேன்.”

“நான் இந்தக் கட்சியில இருக்கறது உனக்குத் தெரியாதா?”

“தெரியும். ஆனா நீங்க எங்கிட்ட ஒரு நாளாவது ஓட்டுக் கேட்டிருக்கீங்களா?”

அந்தத் தெருவில் அவர் கும்பிடு போடாத வாசல் இல்லை. நாய் துரத்திய வீட்டுக்குக்கூட மறுநாள் போயிருக்கிறார். தன் வாசலை மட்டும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது.

“சரி, இப்பக் கேக்கறேன். அடுத்த தடவை எங்களுக்குப் போடும்மா.”

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கிண்டல் இல்லாமல்தான் கேட்டாள்: “ஜெயிச்சு வந்தா என்ன செய்வீங்க?”

ஆயிரம் அறிக்கை எழுதியவர் வாயைத் திறந்தார். கண்டிக்கிறோம், வலியுறுத்துகிறோம், வேதனைப்படுகிறோம் என்றுதான் ஞாபகம் வந்தது. செய்வோம் என்று ஒன்றும் வரவில்லை.

“யோசிச்சுச் சொல்லுங்க. இன்னும் அஞ்சு வருஷம் இருக்கே” என்று அடுத்த சட்டையை எடுத்தாள்.

மறுநாள் கடிதத்தைத் தலைவரிடம் நீட்டினார். நீக்கப்படுபவர் என்ற இடத்தில் தன் பெயர். காரணம்: ‘சொந்த வீட்டில் ஓட்டுக் கேட்கவில்லை.’

தலைவர் பேனாவைத் திறந்தார். படித்தார். கையெழுத்துப் போடாமலே மூடினார். கீழே கிளினிக்கில் யாரோ பல்வலியில் முனகுவது கேட்டது.

“இதுக்கெல்லாம் நீக்கணும்னா, முதல்ல என்னைத்தான்யா நீக்கணும்” என்றார். “எங்க வீட்ல ஆறு ஓட்டு.”