பின் இருக்கையில் எஞ்சின்

மன்னார்த் தீவிலிருந்து வாகனத்தில் வெளியேற ஒரே வழி, கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதிதான். புயலில் கடல் ஏறி அதை மூடுவதற்குள் எத்தனை பேர் அக்கரை சேருவார்கள் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது கந்தோரில் என் வேலை. திரையில் ஒவ்வொரு வாகனமும் ஒரு புள்ளி. தீவின் கரையோர ஊரான கீரியில் ஒரு புள்ளியை அத்தானின் ஓட்டோ என்று நானே வைத்துக்கொண்டேன். பின் இருக்கையில் அக்கா. கால்கள் இரண்டும் வழங்காத அவளுக்கு வேறு வழி கிடையாது. முதல் தடவை ஓட்டியபோது எல்லாப் புள்ளிகளும் தப்பின. நானும் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கீரியில் ஒத்திகை வைத்தோம். சைரன் ஊதியதும் ஒரு வாகனமாவது தாம்போதிப் பக்கம் திரும்ப வேண்டுமே! அத்தனையும் கடற்கரைக்குப் போயின. படகைக் கரையேற்றி, எஞ்சினைக் கழற்றி ஏற்றுவதுதான் அங்கே முதல் வேலை. அந்த ஊரிலேயே பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் மறந்துபோனேன். என் மீதே எனக்கு எரிச்சல் வந்தது. அத்தானின் ஓட்டோவில் பின் இருக்கை முழுக்க எஞ்சின். அக்கா வாசலில் கதிரையில் காத்திருந்தாள்.

"அத்தான், முதல் அக்காவை ஏத்துங்கோ," என்றேன்.

"எஞ்சின் போனா பிறகு உன்ர அக்காவுக்கு என்னத்தைக் குடுக்கிறது? இதை மேட்டில இறக்கிப்போட்டு வந்து ஏத்துவன்தானே," என்றார்.

அவரைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை.

கந்தோருக்கு வந்து, கடற்கரைக்குப் போய்வரும் நேரத்தையும் சேர்த்து ஓட்டினேன். தாம்போதி மூடியபோது கீரிப் புள்ளிகளில் பாதி இக்கரையிலேயே நின்றன. அத்தானின் ஓட்டோவும் நின்றது. திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒரு தடவைகூட அது கடக்கவில்லை.

மேலதிகாரி எட்டிப் பார்த்தார். "சனம் பயந்திடும், பிள்ளை. கடற்கரைக்குப் போறதை எடுத்துப்போட்டு அறிக்கையை முடியுங்கோ. இன்னொரு பாதை போட எங்களால ஏலுமே?" என்றார்.

எடுத்தேன். மறுபடி எல்லோரும் தப்பினார்கள்.

அன்று பின்னேரம் அக்கா போன் எடுத்தாள். "உன்ர கொம்பியூட்டரில நான் அக்கரைக்குப் போயிட்டனா?"

"ஓம் அக்கா," என்றேன்.

"அப்ப சரி. என்னை முதல் ஏத்தச் சொல்லி அவரோட சண்டை பிடிக்க இருந்தனான். இனித் தேவையில்லை," என்றாள்.