கட்டைவிரல் உயர நூலகம்

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் ஒரு நூலகத்தைப் பார்த்தேன். பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது.

நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டார் கொடுத்த டின்னாம். பிஸ்கட் தீர்ந்த பிறகு உள்ளே புத்தகங்கள் குடியேறிவிட்டன.

சின்னப் பொருள் என்றால் எனக்கு ஒரு பித்து. லிட்டில் இந்தியா பக்கம் போனால், கொலுவுக்கு விற்கும் சுண்டுவிரல் உயரக் குடத்தையோ குத்துவிளக்கையோ வாங்காமல் திரும்பியதில்லை. வீட்டில் கொலு வைப்பதே இல்லை — அது வேறு விஷயம்.

என் தோழி ஸ்டெல்லா தேக்கா சந்தையில் ரவிக்கை தைப்பவர். அவருடைய கணவர் அருள் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பஸ் இன்டர்சேஞ்சில் அடுத்த நடைக்கு முன் கிடைக்கும் பத்து நிமிடத்தில்கூடப் படிப்பார். அவர் சேர்த்த புத்தகங்கள் ஒரு படுக்கையறையையே பிடித்துக்கொண்டன. இப்போது இருவரும் நாலறை வீட்டை விற்றுவிட்டு ஈரறை வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே கட்டில் போட்டால் அலமாரிக்கு இடமில்லை.

கொடுத்துவிடலாம் என்று அருள்தான் முதலில் சொன்னாராம். காலையில் ஒரு பெட்டியைக் கொடுப்பார். சாயங்காலம் அதே வீட்டுக்குப் போய், ஒன்றே ஒன்று என்று சொல்லி நாலைந்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வருவார். இருந்தும் சாப்பாடு இறங்காது. வீடு மாறும் நாளோ நெருங்குகிறது. நானாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஸ்டெல்லா ஊசி நூலை எடுத்தார்.

வெளியே போகும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதிலாக, கட்டைவிரல் உயரத்தில் ஒரு குட்டிப் புத்தகம். அது வீட்டிலேயே தங்கிவிடும். அட்டைக்கு, அசலின் நிறத்தில் ரவிக்கைத் துணி. நூலை மெழுகுவத்தியில் ஓர் இழுப்பு இழுத்துத் தைக்கிறார். பசை காயும்வரை மேலே கிரைண்டர் கல்லை வைக்கிறார். அட்டைக்கு உட்புறம் ஒட்டியிருக்கும் தாள் எது தெரியுமா? அருள் பக்க அடையாளத்துக்குச் செருகி வைத்திருந்த பழைய பஸ் டிக்கெட்!

முதல் பக்கத்தில் தலைப்பு. நடுவில் அருளுக்குப் பிடித்த ஒரே ஒரு வரி. கடைசிப் பக்கத்தில், அசல் இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்ற விவரம். "நான் தைக்கிறேன், நீங்க வரியச் சொல்லுங்க" — இதுதான் ஒப்பந்தம். வரி சொல்லியாகிவிட்டால் புத்தகம் கிளம்பிவிட வேண்டும்.

ஒருமுறை அருள் ஒரு குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அட்டை சிவப்பாக இருந்ததாம். அவரிடம் இருந்ததோ இரண்டாம் பதிப்பு, பச்சை அட்டை! ஸ்டெல்லா பிரித்துவிட்டு மறுபடியும் தைத்தார். எந்தப் பதிப்பாளர் செய்வார், சொல்லுங்கள்?

என் உள்ளங்கையில் ஏழு நாவல்கள் உட்கார்ந்திருந்தன. எழுத்து கடுகு கடுகாக, ஆனால் ஒரு சுழி பிசகவில்லை. பெரிய அன்பைக் காட்டப் பெரிய பொருள் வேண்டும் என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

புத்தகங்களைப் பிரிந்தது கஷ்டமாக இல்லையா என்று அருளிடம் கேட்டேன்.

"இருந்துச்சு. இப்ப எது எங்க இருக்குன்னு தெரியுதுல்ல? பாசிர் ரிஸ்ல பதினொண்ணு, துவாஸ்ல தொழிலாளர் டார்மிட்டரில ஒரு பெட்டி. அது போதும்லா."

அப்போதுதான் ஒரு பழுப்பு அட்டைக் குட்டி கண்ணில் பட்டது. கடைசிப் பக்கத்தில் என் பெயர்! பல வருடங்களுக்கு முன் இரவல் வாங்கியது. அசடு வழிய, நாளைக்கே கொண்டு வந்து தருகிறேன் என்றேன்.

"வேணாம்க்கா, வைக்க இடமில்ல" என்று ஸ்டெல்லா சிரித்தார். "புத்தகம் கையில இல்லாமலே மனப்பாடமா அவர் வரி சொன்னது அது ஒண்ணுக்குத்தான். உங்ககிட்ட பத்திரமா இருக்குன்னு அவருக்குத் தெரியும்."

வீட்டுக்கு வந்து அலமாரியைக் குடைந்தேன். கட்டிலுக்கு அடியில்... இல்லை. மெல்ல நினைவுக்கு வந்தது. நானும் அதை யாருக்கோ இரவல் கொடுத்திருக்கிறேன். யாருக்கு?

அருளின் நூலகத்தில் இப்போது ஒரே ஒரு பொய் இருக்கிறது — என் பெயரில்.

பழுப்பு அட்டை. உள்ளே அருள் செருகிய ஒரு பஸ் டிக்கெட் இருக்கும். உங்கள் அலமாரியைக் கொஞ்சம் பாருங்களேன்.